தண்ணீர் வடிந்த மறுநாள் காலை: தொழில் கேள்வி பதில்

புயல், வெள்ளம், தீ விபத்து என்று ஏதாவது வந்தால் தொழிலை எப்படி நிற்காமல் ஓட்டுவது, நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்று கேட்டு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. பலருக்கும் உதவும் என்று தோன்றிய ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

அம்பத்தூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 2 சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்), 3 பழைய லேத், 7 பேர் வேலை செய்கிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உள்ளே இடுப்பளவு தண்ணீர். மறுபடி முழுசாக ஓட 2 மாதம் ஆனது. இப்போது ஐப்பசி பிறந்தாலே தூக்கம் போய்விடுகிறது. திட்டம் போடு, திட்டம் போடு என்கிறார்கள். மழையைத் தடுக்க முடியுமா? என்ன திட்டம் போடுவது?

மழையைத் தடுக்க முடியாது. தொழிற்பேட்டை (எஸ்டேட்) வடிகாலை நீங்கள் ஒருவராக நின்று சரிசெய்யவும் முடியாது, அதற்குச் சங்கம் மூலமாகத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த 2 மாதத்தை 2 வாரமாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. திட்டம் என்று நான் சொல்வது அதைத்தான்.

முதல் வேலை, சுவரில் 2023-இன் தண்ணீர் மட்டத்தை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று பட்டறையைச் சுற்றி வந்து எழுதுங்கள். மெஷினைத் தூக்க முடியாது, சரி. ஸ்டெபிலைசர், யுபிஎஸ், கம்ப்ரசர் மோட்டார், மெயின் போர்டு, மீட்டர் பெட்டி, ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ், டிராயிங் ஃபைல் இவற்றையெல்லாம் தூக்க முடியும். ஆங்கிள் அடித்து ஸ்டாண்டு போட உங்களுக்கு வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை. மீட்டரும் மெயினும் மட்டும் மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து உயர்த்துங்கள்.

அடுத்தது சிஎன்சி. இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கன்ட்ரோலரில் மெஷினின் அமைப்பு அளவுகளான பாராமீட்டர்கள், ஆஃப்செட்டுகள் எல்லாம் பேட்டரி தாங்கும் மெமரியில்தான் நிற்கின்றன. தண்ணீரில் போர்டு போனாலோ, மாதக்கணக்கில் மெஷின் கிடந்து பேட்டரி தீர்ந்தாலோ அதெல்லாம் அழிந்துவிடும். புது போர்டு வாங்கிப் போட்டாலும் மெஷினுக்குத் தான் யார் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும், கம்பெனி இன்ஜினியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த சர்வீசுக்கு ஆள் வரும்போது பாராமீட்டர், லேடர் (மெஷினின் கட்டுப்பாட்டு லாஜிக்), புரோகிராம் எல்லாவற்றையும் மெமரி கார்டில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு காப்பி வீட்டில் இருக்கட்டும்.

தண்ணீர் வந்த பிறகு செய்ய வேண்டியதில் முதல் விதி, ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. "ஓடுதா பார்ப்போம்" என்று மெயினைத் தட்டி, பிழைத்திருக்க வேண்டிய மோட்டாரையும் அதை இயக்கும் டிரைவையும் எரித்துக்கொண்ட பட்டறைகள் ஏராளம். சேற்றுத் தண்ணீரை நல்ல தண்ணீரால் கழுவி, மோட்டார்களைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்பி, ஓவனில் காயவைத்து, மெக்கர் வைத்துப் பார்த்து இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கரண்ட். பிரேக்கர், கான்டாக்டர், டிரைவ் மூழ்கியிருந்தால் மாற்றுவதுதான் பாதுகாப்பு, காயவைத்து ஓட்டுவது பிறகு தீயில் முடியலாம். ஹைட்ராலிக் ஆயில், கூலன்ட், ஸ்லைடு ஆயில் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள். மெஷினின் பெட்டும் (அடிப்பாகம்) பால் ஸ்க்ரூவும் (நகரும் பாகத்தின் திருகு) துருப்பிடிக்க ரொம்ப நேரம் எடுக்காது, தண்ணீர் இறங்கிய அன்றே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அதனால் துரு தடுக்கும் எண்ணெய் ஒரு டின் மேல் தட்டில் எப்போதும் இருக்கட்டும், அந்த வாரத்தில் கடையில் கிடைக்காது.

கிடைக்காது என்று சொன்னேன் இல்லையா, இதுதான் இந்த விஷயத்தின் மையம். வெள்ளம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. எஸ்டேட் முழுவதின் மோட்டாரும் அதே நாலு வைண்டிங் கடைக்குத்தான் போகும், அதே சர்வீஸ் இன்ஜினியருக்குத்தான் எல்லாரும் போன் அடிப்பார்கள். ஆகவே இப்போதே, வெயில் அடிக்கும்போதே, தண்ணீர் வராத பகுதியில் இருக்கிற ஒரு வைண்டிங் கடைக்காரரிடம் போய்ப் பேசி வையுங்கள். அதேபோல கோவையிலோ ஓசூரிலோ உங்களைப் போலவே மெஷின் வைத்திருக்கிற ஒருவருடன், "எனக்கு வந்தால் நீங்கள் ஓட்டிக்கொடுங்கள், உங்களுக்கு வந்தால் நான்" என்று ரேட்டோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஷெட்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கு உதவமாட்டார், அவர் ஷெட்டிலும் அதே தண்ணீர்தான் நிற்கும்.

கடைசியாக ஆட்கள். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை, வெள்ளத்தில் அச்சக ஊழியர்கள் மறைமலை நகருக்குப் போய்ச்சேர முடியாததால் அன்றைக்கு நின்றது. மெஷின் நன்றாக இருந்தாலும் ஆள் வர முடியாவிட்டால் தொழில் இல்லை. உங்கள் 7 பேரின் வீடு எங்கே இருக்கிறது, எந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும், யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் வயதான அம்மா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளம் வந்த வாரத்தில் கேட்காமலே சம்பள முன்பணம் கொடுங்கள். அவர்கள் வீடு எழுந்தால்தான் உங்கள் பட்டறைக்கு வருவார்கள், இதை வெறும் கணக்காகவும் சொல்லவில்லை, 7 குடும்பமும் உங்களை நம்பித்தான் இருக்கிறது.

தூத்துக்குடியில் ஜவுளிக்கடை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் 6 லட்ச ரூபாய் சரக்கு வீணானது. 10 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. கொடுத்தது 3 லட்சம். ஏமாற்றிவிட்டார்களா?

கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஏமாற்றவில்லை, ஆனால் உங்களுக்கு யாரும் புரியும்படி சொல்லவும் இல்லை. கடையில் அன்றைக்கு 20 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பீடு 10 லட்சத்துக்கு. அதாவது பாதிச் சரக்குக்குத்தான் நீங்கள் பிரீமியம் கட்டினீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று பாலிசி கணக்குப் போடும். சேதம் 6 லட்சம், அதில் பாதி 3 லட்சம். இதற்கு ஆவரேஜ் கிளாஸ் (காப்பீட்டு விகித நிபந்தனை) என்று பெயர். "சேதம் 6, பாலிசி 10, அப்புறம் ஏன் முழுசா வரவில்லை" என்று வெள்ளத்துக்குப் பிறகு பலரும் கேட்பது இந்த ஒரு வரி தெரியாததால்தான்.

2021 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனங்களுக்கென்று தனி பாலிசி இருக்கிறது. சொத்து மதிப்பு 5 கோடிக்குள் என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இவற்றில் காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைவாக இருந்தாலும் அதற்காகப் பிடித்தம் செய்யமாட்டார்கள். உங்கள் 50 சதவீதக் குறைவுக்கு அது போதாது, ஆனால் தீபாவளிக்குச் சரக்கு கொஞ்சம் கூடுதலாக ஏறியிருக்கும் கடைக்குப் பெரிய ஆறுதல். அப்படி ஏற்றும்போது இன்னும் கூடுதலாக ஏறினால், அந்த மாதங்களுக்கு மட்டும் தொகையை உயர்த்தச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

உங்கள் பாலிசியை எடுத்து வைத்து மூன்று இடத்தைப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கி எடுத்த பாலிசி என்றால், அவர்கள் கடனுக்கு ஈடான தொகைக்கு மட்டும் எடுத்திருக்கலாம், உங்கள் முழுச் சரக்குக்கு அல்ல. முகவரி: கடைக்கு எடுத்த பாலிசி பின் தெருவில் இருக்கிற குடோனுக்குச் செல்லாது. பிறகு, வெள்ளம் புயல் பகுதியை விலக்கிவிட்டு பிரீமியத்தைக் குறைத்திருக்கிறார்களா என்பது. கடலோரத்தில் கடை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை விடுவது கொஞ்சமும் சரியில்லை. 2023 டிசம்பர் 17-18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. உங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் பெய்யாத மழை அது.

கடை பூட்டிக் கிடந்த நாட்களின் வருமானம் இந்த மாதிரி சாதாரணப் பாலிசியில் வராது. அதற்கு லாஸ் ஆஃப் பிராஃபிட் என்று தனியாக எடுக்க வேண்டும். சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகுமா என்று கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள், பலருக்கு அந்தப் பிரீமியப் பணத்தைத் தனியாக ஒரு டெபாசிட்டில் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று, உங்கள் ஆடிட்டர் சொல்லியிருப்பார். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, நம் வரியில் கழித்துக்கொண்டதை) ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)-இன்படி திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், வரியும் கையை விட்டுப் போகும். ஆகவே காப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும்போதே அந்த வரியையும் சேர்த்து மதிப்பிடலாமா என்று ஆடிட்டரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஒருவேளை வந்தால், சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த துணியை வெளியே எறியாதீர்கள். நாற்றம் தாங்காமல் எறிந்தே ஆக வேண்டுமென்றால் பண்டல் பண்டலாக வீடியோ எடுத்து, என்ன காரணத்துக்காக அகற்றுகிறோம் என்று அன்றைக்கே மெயில் போட்டுவிட்டு அகற்றுங்கள். தீர்வு நியாயமாக இல்லை என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கிற இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

பாலிசியை ஆடி, ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்ன பிறகு போனால் புதுசாக ஏற்கத் தயங்குவார்கள்.

திருப்பூரில் பனியன் யூனிட். கணக்கு முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் டேலியில். மகன் சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் காப்பி எடுத்து, அதே மேஜை டிராயரில் வைக்கிறான். போதுமா?

போதாது. எடுக்கிறாரே என்று சந்தோஷம், ஆனால் தீ வந்தால் கம்ப்யூட்டரும் டிராயரும் சேர்ந்துதான் எரியும்.

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மற்றவர்களின் தகவல்களைச் சேமித்துத் தரும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. மாற்றுப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டும் போய்விட்டது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவில் தேஜோன் நகரில் அரசின் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பு, 858 டெராபைட், மொத்தமாக அழிந்தது. அளவு ரொம்பப் பெரிது என்பதால் வெளியில் பிரதி வைக்கவில்லையாம். தொழில்நுட்பத்தில் உலகமே அண்ணாந்து பார்க்கிற நாடு அது.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் படங்களைக் காப்பாற்ற ஒரு விதி சொன்னார், இப்போது கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்: 3 பிரதி, 2 விதமான சாதனம், 1 பிரதி வேறு இடத்தில். உங்களுக்கு அது இப்படி: கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவுக்குப் பதில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி வீட்டுக்கு எடுத்துப்போவது, அப்புறம் தினமும் இரவு ஆன்லைனில் ஒரு பிரதி. ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் சொருகியிருப்பதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, உலகம் முழுக்க இருந்த அவர்கள் நெட்வொர்க்கின் முக்கிய சர்வர்கள் அத்தனையும் அழிந்தன, கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட். அந்த ஒன்றை வைத்துத்தான் மறுபடி எழுந்தார்கள். அவர்களுக்கு அதிர்ஷ்டத்தால் அமைந்தது, நாம் பிளக்கைப் பிடுங்கியே அமைத்துக்கொள்ளலாம்.

வாரம் ஒருமுறை போதுமா என்பதற்கு ஒரே கேள்வி: எத்தனை நாள் பில்லைத் திரும்ப உட்கார்ந்து ஏற்ற உங்களால் முடியும்? ஷிப்மென்ட் நேரத்தில் ஒரு நாள் பில்லையே திரும்ப ஏற்ற முடியாது என்றால், தினமும் எடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் மகனை. திறந்தே பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

பட்டுக்கோட்டை பக்கம் மெடிக்கல் ஷாப். கஜா புயலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இப்போது ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். வேறென்ன வேண்டும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா டெல்டாவை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை போனது போல மின்கம்பமும் போனது, செல்போன் டவரும் போனது.

ஜெனரேட்டர் நல்லது, டீசல் எங்கே? கரண்ட் இல்லாதபோது பங்க்கிலும் பம்ப் ஓடாது, அவர்களிடமும் ஜெனரேட்டர் இருந்தால்தான் உண்டு. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன, எண்ணெயை மேலே ஏற்றும் பம்ப் மட்டும் அடித்தளத்தில் மூழ்கிவிட்டது. ஊழியர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று எண்ணெயைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். ஜெனரேட்டருக்கு என்னென்ன தேவையோ அது எல்லாமே தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், எண்ணெய் கையில் இருக்க வேண்டும், பாதுகாப்பாக, கடைக்கு வெளியே. கடைக்குள் ஜெனரேட்டரை ஓட்டவே ஓட்டாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பதற்றத்தில் நேரே ஐஸ் கட்டி மேல் வைத்தால் உறைந்து கெட்டுப்போகும், உறைந்த இன்சுலினை உருக்கி விற்கவே கூடாது. நடுவில் துணியோ அட்டையோ வைத்து, கூல் பாக்ஸில் சின்ன தெர்மாமீட்டரும் போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவை நோட்டில் குறியுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும், இன்சுலினும் பிரஷர் மாத்திரையும் வாடிக்கையாக வாங்குகிறவர்களைக் கூப்பிட்டு, சீட்டைக் கொண்டுவந்து 2 வார மருந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வியாபாரமும் ஆகும், ஊருக்கும் அதைவிட உபகாரம் இல்லை.

பிறகு பணம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையை அடித்தபோது பண மதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கரண்ட் போனதால் ஏடிஎம் இல்லை, டவர் போனதால் கார்டு மெஷினும் இல்லை. இன்றைக்கு எல்லாரும் க்யூஆர் கோடுதான் என்பதால் டவர் விழுந்தால் அதே நிலைமை. புயலுக்கு முன் 10, 20, 50 ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள், கையால் எழுதும் பில் புத்தகமும் கார்பன் பேப்பரும் வையுங்கள், கடன் நோட்டு ஒன்றும் வையுங்கள். விலைப்பட்டியலை அச்சடித்து வையுங்கள். எந்த மருந்து என்ன விலை என்று எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தால், கடை நிறைய மருந்து இருந்தும் விற்க முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஓசூரில் வாகன உதிரிபாக யூனிட். நாங்கள் சப்ளை செய்யும் பெரிய கம்பெனி, பிசினஸ் கன்டினியூட்டி பிளான் (விபத்து வந்தாலும் தொழில் தொடர்வதற்கான திட்டம்) கொடுங்கள் என்கிறது. இணையத்தில் 40 பக்க மாதிரி கிடைக்கிறது. பெயரை மாற்றிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ஆடிட்டுக்கு வருபவர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்பது ஒரு காரணம். அந்த 40 பக்கத்தை உங்கள் சூப்பர்வைசர் ஒருநாளும் திறக்கமாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் எழுதுவது சுலபம். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானில் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் பி-வால்வு என்ற சின்ன பாகம், கையில் அடங்கிவிடும், கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கையிருப்பைக் குறைவாக வைப்பது டொயோட்டாவின் பெருமை, அதனால் சில நாட்களிலேயே ஜப்பானில் அவர்கள் கார் உற்பத்தி ஏறக்குறைய மொத்தமாக நின்றது. அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஐசின் தன் டிராயிங்குகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இதற்கு முன் பி-வால்வையே செய்திராத பட்டறைகள், தையல் மெஷின் தயாரிக்கும் பிரதர் கம்பெனி உட்பட, தங்களிடம் இருந்த மெஷினில் கடைந்து கொடுத்தன. சுமார் 200 நிறுவனங்கள் ஏதோ ஒரு விதத்தில் கைகொடுத்தன. ஒரு வாரத்துக்குள் அசெம்ப்ளி லைன்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

உங்கள் வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள விரும்புவது இவ்வளவுதான்: உங்கள் ஷெட் எரிந்தால் எங்கள் லைன் எத்தனை நாளில் நிற்கும், அதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு நேரடியாகப் பதில் எழுதுங்கள். அவர்களுக்குப் போகும் ஒவ்வொரு பாகத்துக்கும், உங்களிடம் எத்தனை நாள் ஸ்டாக், அது அதே ஷெட்டிலா வேறு இடத்திலா, டை (அச்சு) ஒன்றுதானா மாற்று டை உண்டா, டிராயிங்கின் கடைசித் திருத்தம் வெளியே எங்கே இருக்கிறது, உங்களுக்குப் பதில் யார் ஓட்டித் தர முடியும், அவர்களிடம் எத்தனை நாளில் முதல் பீஸ் வரும். எது முதலில் எழ வேண்டும், எது ஒரு மாதம் படுத்திருந்தாலும் பரவாயில்லை என்று வரிசைப்படுத்துங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே எழுப்புவோம் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம், நீங்கள் வெளியூரில் இருந்தால் யார் முடிவெடுப்பார், எவ்வளவு தொகை வரை அவர் செலவழிக்கலாம் என்பது. இந்த ஒரு வரி இல்லாததால்தான் முதல் 2 நாள் வீணாகிறது, எல்லாரும் முதலாளி போனுக்காகக் காத்திருப்பார்கள்.

4 பக்கம் வரும், போதும். ஐஎஸ்ஓ 22301 என்ற தரச்சான்று இதற்கென்றே இருக்கிறது, அதை அவர்கள் தெளிவாகக் கேட்டால் மட்டும் போங்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆட்களை உட்காரவைத்து, "இப்போது கம்ப்ரசர் ரூமில் தீ, நான் விமானத்தில் இருக்கிறேன், என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். முதல் 10 நிமிஷத்தில் திட்டத்தில் இருக்கும் ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் வேறு பதில் சொன்னால் அந்தப் பதிலைத் திருத்தி எழுதுங்கள், மறுபடி கேளுங்கள்.

மதுரையில் என் கணவர் பேக்கிங் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறார். சமீபத்தில் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது சம்பளம் போட முடியவில்லை, ஓடிபி எல்லாம் அவர் போனுக்கு. யார் எவ்வளவு தர வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். இனி என்ன செய்ய வேண்டும்? இது உங்கள் பகுதிக்குப் பொருந்துமா தெரியவில்லை.

சகோதரி, உங்கள் கேள்விதான் இந்தப் பகுதிக்கு ரொம்பவும் பொருந்துகிறது. அவர் நலமாகத் திரும்பியதில் நிம்மதி. வெள்ளம் எல்லா ஊருக்கும் வருவதில்லை, ஆனால் ஒரே ஆள் தலையில் மொத்தத் தொழிலும் இருப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் எத்தனை வீடுகளில் இந்த நிலை வந்தது என்று நாம் எல்லாருமே பார்த்தோம். ஆள் ஆக்சிஜனில் படுத்திருக்க, வீட்டில் இருப்பவர்கள் அவர் போன் லாக்கை யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

தனி உரிமை நிறுவனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நடப்புக் கணக்கை நீங்களும் இயக்கலாம் என்று வங்கியில் ஒரு கடிதம் கொடுக்க முடியும், மேண்டேட் என்பார்கள். அவர் உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும், பவர் பத்திரமும் அப்படித்தான். அதனால் நாமினி நியமனத்தையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். இன்டர்நெட் பேங்கிங்கில் உங்கள் எண்ணுக்கே ஓடிபி வரும்படி தனிப் பயனராகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், எல்லா வங்கியிலும் ஒரே மாதிரி இருக்காது. ஜிஎஸ்டி இணையதளத்தில் உங்களை அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளராக உங்கள் போன் எண்ணோடு சேர்க்கலாம், ஆடிட்டர் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசு புதிய பதிவு எடுத்து, ஐடிசி-02 படிவம் மூலம் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியைத் தன் பதிவுக்கு மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடரவும் வழி இருக்கிறது. அது தேவைப்படக் கூடாது என்றுதான் வேண்டுகிறேன், தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பிறகு ஒரு நோட்டு. யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், பேப்பர் ரீல் எந்த மில்லில் என்ன கடன் நாளுக்கு வாங்குகிறார், வாய்வார்த்தையாக ரேட் பேசியிருப்பது யாரிடம், எந்த வாடிக்கையாளர் செக் கொடுத்து இழுப்பார், யார் ஒரே போனில் கொடுப்பார், கரண்ட் பில் எந்தத் தேதி, வாடகை யாருக்கு, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது. கம்ப்யூட்டரில் பாதி இருக்கும், அவர் மனதில் இருக்கிற மீதிதான் விலை உயர்ந்தது. யூனிட்டில் மூத்த ஆள் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரையும் உட்காரவைத்து எழுதுங்கள், உங்கள் கணவருக்கு மறந்தது அவருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மாத சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஆகும் பணத்தை உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிடுங்கள்.

அவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று சங்கடமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உடம்பு தேறிவரும் ஆளிடம் நாமினி, வாரிசு என்று ஆரம்பிக்க வேண்டாம். சம்பளத்திலிருந்து ஆரம்பியுங்கள். "அந்த வாரம் ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாமல் நான் தவித்துப்போனேன், இனி அது நடக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். தன் ஆட்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனது அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருக்கும். டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்னதும் இரண்டு பேரும் ஆதார், பான், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் அந்த மேண்டேட்டை முதலில் கொடுத்துவிட்டு வாருங்கள். நோட்டை அன்று சாயங்காலமே ஆரம்பிக்கலாம், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.